கரைக்கட்டி மரத்தைக் காப்பாற்றிய கதை

ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் மறுநாளே ஒரு ஜீப் வந்து நிற்கும், பலகை நடுவார்கள். மருதையாற்றின் இந்தக் கரை பெரம்பலூர் மாவட்டம், அந்தக் கரை அரியலூர் மாவட்டம் என்று பிரிகிற இடத்தில் இருக்கும் ஓர் ஊர். அவ்வளவு தெரிந்தால் போதும்.

வெற்றிச்செல்விக்கு அந்தக் கரையோரம் அறுபது சென்ட் நிலம். அவள் மாமனார் அரியமுத்து முப்பத்தைந்து வருஷம் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்து வாங்கியது. அந்தத் தெருவிலேயே முதன்முதலாகப் பட்டா வந்தது அந்த வீட்டுக்குத்தான். மேட்டில் இருக்கிற நல்ல நிலத்தை அவருக்கு யாரும் விற்கவில்லை, ஆறு தின்கிற நிலத்தைத்தான் விற்றார்கள். வெள்ளம் வருகிற வருஷமெல்லாம் ஆறு அதன் ஓரத்தை ஒரு கை பார்த்துவிட்டுப் போகும். இத்தனை காலம் நிலம் நின்றதற்குக் காரணம், கரையில் நின்ற ஒரு மரம்.

கரைக்கட்டி என்பது ஊரார் வைத்த பெயர். ஆணிவேர் ஆழத்துக்கு இறங்கும், பக்கவேர்கள் கரை மண்ணைப் பிடித்துக்கொள்ளும். முன்பு ஆற்று நெடுகிலும் நின்றன. மணல் லாரிக்குப் பாதை போட்டதில் எல்லாம் போய், மிஞ்சியது இரண்டே மரம். வெற்றிச்செல்வி நிலத்தோரம் ஒரு பெண் மரம். அக்கரையில் சின்னப்பிள்ளை அக்கா வயலில் ஓர் ஆண் மரம்.

மாசியில் இரண்டும் பூக்கும். மணல் அள்ளி ஆறு அகன்றுவிட்டதால் ஆண் மரத்து மகரந்தம் தானாக இந்தக் கரைக்கு வந்து சேராது. அதனால் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஆண் மரத்தில் பூத்த கொப்பு ஒன்றை ஒடித்து, முனையில் ஈரத்துணி சுற்றி, மணலில் நடந்து எடுத்துவந்து, பெண் மரத்தின் உச்சியில் வாழைநாரால் கட்டித் தொங்கவிடுவார்கள். பூக்கட்டு என்பார்கள். கட்டினால் ஆனியில் காய்க்கும், கட்டாவிட்டால் காய்க்காது. இதைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரியாது. கட்டுரை எதுவும் எழுதாமல் செத்துப்போனதால் அவரை விஞ்ஞானி என்று சொல்ல முடியாது.

பெண் மரத்துக்கு வயதாகிவிட்டது. விதை எடுத்துக் கரை நீளத்துக்கு முப்பது கன்றாவது உண்டாக்கிவிட வேண்டும் என்பது வெற்றிச்செல்வியின் ஆசை. மகள் தமிழ்மொழி காலேஜ் முடிப்பதற்குள் வேர் இறங்கிவிடும், நிலம் நின்றுவிடும். முன்பு முளைத்தவற்றை ஆடு கடித்தது, லாரி ஏறியது. இந்த முறை முள் வெட்டித் தயாராக வைத்திருந்தாள். அப்போதுதான் மையம் வந்தது.

முழுப்பெயர், ஆற்றுப்படுகை அருந்தாவர மரபணுப் பன்முகத்தன்மைப் பாதுகாப்பு மையம். சொல்லி முடிப்பதற்குள் ஒரு செடி வாடிவிடும் என்பதால் மையம் என்றே சொல்வோம். பெரம்பலூரில் ஒரு மாடியில் ஆபீஸ். இயக்குநர் முனைவர் இளவரசன். அவருக்குக் கீழே பலர், எல்லாருக்கும் மின்விசிறி உண்டு. வெயிலில் நிற்பவர் ஒருவர்தான். தாவரவியலில் முதுகலை படித்துவிட்டுத் தற்காலிகக் களப் பதிவாளராக இருக்கும் தர்மராஜ்.

மரத்தைக் காப்பாற்ற முதல் வேலையாக வேலி போட்டார்கள். எட்டு சிமெண்ட் கால்களுக்கு எட்டுக் குழி. குழிக்கு வேர் இடைஞ்சலாக இருந்தது, வேரை வெட்டினார்கள். அடுத்தது பலகை. “அழிவின் விளிம்பில் உள்ள தாவரம், தொடாதீர்” என்ற பலகைக்குப் பொருத்தமான இடம் மரம்தான் என்று முடிவாகி, மரத்திலேயே ஆறு ஆணி அடித்து மாட்டினார்கள். தொடக்கவிழா மேடைக்குப் பச்சைத் தோரணம் தேவைப்பட்டது. சித்திரை மாதம், சுற்றுவட்டாரத்தில் பச்சையாக இருந்தது அந்த மரம் ஒன்றுதான்.

கரைக்கட்டித் தோரணத்தின் கீழே நின்று இளவரசன் பேசினார்.

“இந்த மரம் இத்தனை நாள் அநாதையாக நின்றது. இதன் பெயரில் ஒரு காகிதம் கிடையாது. இன்று முதல் இதற்கு ஒரு கோப்பு இருக்கிறது. கோப்பு உள்ள எதுவும் இந்த நாட்டில் சாவதில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.”

எல்லாரும் கை தட்டினார்கள். வெற்றிச்செல்வியும் தட்டினாள். தோரணத்தோடு அந்த வருஷத்துப் பிஞ்சும் போயிருந்தது. ஆனாலும் வேலி போட்டால் அடுத்த வருஷக் கன்றை ஆடு கடிக்காது என்று நினைத்தாள்.

மாசி வந்தது. ஈரத்துணி சுற்றிய கொப்போடு மணலில் நடந்து வந்தவளைத் தர்மராஜ் வேலிக்கு வெளியே நிறுத்தினார்.

“உள்ள விட எனக்கு அதிகாரம் இல்லைங்க. ஆபீஸ்ல போய்க் கேளுங்க.”

கொப்போடு பஸ் ஏறினாள். கண்டக்டர் அது என்ன என்று கேட்டார். மாப்பிள்ளை என்றாள். அவர் சிரித்துக்கொண்டே சன்னலோரம் இடம் பார்த்துக் கொடுத்தார். அந்தப் பூவுக்கு அன்று கிடைத்த மரியாதை அது ஒன்றுதான்.

இளவரசன் அவளை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நல்ல மனிதர்தான்.

“கையில வச்சிருக்கீங்களே, அது என்னன்னு தெரியுமாம்மா?”

“பூக்கொப்புங்க.”

“இல்ல. அது வெளிமாவட்ட மரபணு. அரியலூர் மரபணு பெரம்பலூர் மரத்துல கலந்துட்டா நம்ம மரத்தோட தூய்மை என்னாகும்? யோசிச்சீங்களா?”

“ரெண்டும் ஒரே சாதி மரந்தாங்க சார்.”

“அது நீங்க சொல்றது. நாங்க இன்னும் முடிவு பண்ணல.”

கலந்தால் தூய்மை கெட்டுவிடும் என்ற பேச்சு அவளுக்குப் புதிதல்ல. கோயில் வாசலில், கல்யாணப் பேச்சில், வேறு ஆட்கள் வாயால் கேட்டிருக்கிறாள். மரத்துக்கும் அந்தச் சட்டம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.  ஆனாலும் பொறுமையாகக் கேட்டாள்.

“கலக்காம எப்படிங்க காய்க்கும்?”

“காய்க்கிறது நம்ம திட்டத்தோட இலக்குல இல்லம்மா. பாதுகாக்கிறது மட்டும்தான் இலக்கு.”

பிறகு ஏழு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். மாவட்டங்களுக்கிடையே தாவரப் பொருள் கொண்டுவர அனுமதி கோரும் மனு. அதில் கொண்டுவரப்படும் பொருளின் நிரந்தர முகவரி கேட்டிருந்தது. எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்ற இடத்தில் மூன்று நாள் என்று எழுதினாள். மனுவைப் பரிசீலிக்கத் தொண்ணூறு நாள் ஆகும் என்று கீழே அச்சடித்திருந்தது. திரும்பி வரும்போது கொப்பு பஸ்ஸிலேயே வாடிவிட்டது.

அந்த ஆனியில் மரம் காய்க்கவில்லை. நிபுணர் குழு வந்து அண்ணாந்து பார்த்தது. பார்த்துவிட்டு “மலட்டு மரம்” என்று அறிக்கை எழுதியது. ஊரில் ஒரு பெண்ணைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னால் வெட்டுக்குத்து நடக்கும். மரத்துக்காகச் சண்டை போட யாரும் இல்லை.

மலட்டு மரத்தைப் பெருக்க ஒரே வழி கொப்பு வெட்டி நடுவதுதான் என்று முடிவானது. பெண் மரத்தை மொட்டையடித்து ஐநூறு துண்டு போட்டு, கரை நெடுகக் குச்சி குச்சியாக ஊன்றினார்கள். அதற்கும் விழா. “நேற்றுவரை ஒரு மரம், இன்று ஐநூறு மரம். மரபணுப் பன்முகத்தன்மை இந்தக் கரையில் ஐநூறு மடங்கு உயர்ந்திருக்கிறது” என்றார் இளவரசன்.

வெற்றிச்செல்வி தர்மராஜிடம் போனாள்.

“ஒரே மரத்தை ஐநூறா வெட்டுனா ஐநூறு மரமாங்க சார்? ஒண்ணுக்கு நோவு வந்தா அம்புட்டுக்கும் வந்துடாது?”

“வந்துடும்ங்க.”

“கொப்புல வந்ததுக்கு ஆணிவேரும் எறங்காதே. தண்ணி வந்தா புடுங்கிட்டுப் போயிடுமே.”

“போயிடும்ங்க.”

“இதச் சொல்ல வேண்டியதுதான?”

“சொன்னேங்க. களப் பதிவாளரோட வேலை பதியறதுதான்னு சொல்லிட்டாரு.”

ஐப்பசி கடைசியில் தண்ணீர் வந்தது. ஐநூறு குச்சியும் ஒரே காலைப்பொழுதில் போயின. வேர் அறுந்த பெண் மரம் சாய்ந்துகொண்டு எப்படியோ நின்றது. நிலத்தில் எட்டு சென்ட்டை ஆறு எடுத்துக்கொண்டது, விதைத்திருந்த சின்ன வெங்காயத்தோடு. மையத்தின் அறிக்கை இப்படி முடிந்தது. “ஐநூறு கன்றுகளும் ஆற்றுநீரின் வழியே இயற்கை முறையில் கீழ்ப்படுகை முழுவதும் பரவியுள்ளன.” போன எட்டு சென்ட்டுக்காக வெற்றிச்செல்வி ஒரு மனு கொடுத்தாள். நிலம் எமது அருந்தாவரப் பட்டியலில் இல்லை என்று பதில் வந்தது.

அடுத்த மாசி. வருஷக் கடைசி அறிக்கைக்காக மார்ச் மாதத்தில் மையத்தின் ஆட்கள் அத்தனை பேரையும் ஆபீஸில் உட்கார வைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். தர்மராஜும் போய்விட்டார். மரத்தைப் பற்றி எழுத வேண்டியிருந்ததால் மரத்தைப் பார்க்க ஆளில்லை. வெற்றிச்செல்வி விடிந்ததும் அக்கரைக்கு நடந்தாள்.

சின்னப்பிள்ளை நல்ல கொப்பாகப் பார்த்து ஒடித்துக் கொடுத்தாள். “எடுத்துட்டுப் போடி. எம் மரத்துல இன்னும் எவனும் ஆணி அடிக்கல. அதான் இப்படிப் பூத்துக் கெடக்கு.”

வேலிக்குள் நுழைந்து, முள்கம்பியில் முழங்கையைக் கிழித்துக்கொண்டு, சாய்ந்த மரத்தில் ஏறிக் கட்டினாள். மொட்டையடித்ததில் தப்பிய நாலு கிளையில்தான் பூ இருந்தது. போதும் என்று நினைத்தாள்.

ஆனியில் காய்த்தது. நாற்பத்து மூன்று காய், காய்க்கு ஒரு விதை. எண்ணியவர் தர்மராஜ். எண்ணிவிட்டு அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்தால், அவர் எதற்காகத் தாவரவியல் படித்தார் என்பது யாருக்கும் புரிந்திருக்கும். வெற்றிச்செல்வி மறைக்கவில்லை.

“நாந்தாங்க கட்டுனேன். ஆபீஸ்ல சொல்லிடாதீங்க. பழுத்து விழ இன்னும் ஏழெட்டு நாளு. ஈரம் காயறதுக்குள்ள போட்டாத்தான் மொளைக்கும். போட்டுட்டு நானே வந்து சொல்லிடுறேன்.”

“சொல்ல மாட்டேங்க. சத்தியமா” என்றார்.

அவர் சொல்லவில்லை. அவருடைய போன்தான் சொன்னது. தினமும் மரத்தைப் படமெடுத்து ஏற்றினால்தான் மையத்தில் அவருக்கு வருகைப்பதிவு. காய் பச்சையாக இருந்தவரை படத்தில் இலையோடு கலந்திருந்தது, இப்போது நிறம் மாறத் தொடங்கிவிட்டது. மூன்று நாள் அடிமரத்தை மட்டும் எடுத்து ஏற்றினார். முழு மரம் தெரியவில்லை என்று மூன்று நாளும் ஆப்சென்ட் விழுந்தது. நாலாவது நாளும் விழுந்தால் வேலை போய்விடும். நாலாவது நாள் முழு மரத்தையும் எடுத்தார். மதியமே இரண்டு ஜீப் வந்துவிட்டது.

“வேலி போட்டு இரண்டே ஆண்டில் மலட்டு மரம் காய்த்திருக்கிறது” என்று இளவரசன் டி.வி.காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வெற்றிச்செல்வி குறுக்கே போய், பூ கட்டியது நான் என்றாள். அவர் அவளை மட்டும் ஜீப்புக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

“இங்க பாரும்மா. நீங்க கட்டினதா எழுதினா, அனுமதி இல்லாம வெளிமாவட்ட மரபணு கொண்டுவந்ததா கேஸ் ஆகும். எழுதாம விட்டா வேலியால காய்ச்சதா ஆகும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“என் பேரு வேண்டாங்க சார். பத்து வெதை மட்டும் குடுத்துட்டுப் போங்க. நெலம் போயிட்டே இருக்கு.”

“வெளிய வச்சா ஆபத்து. மைனஸ் இருபதுல வைக்கப்போறோம். நூறு வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கும்.”

“அப்படியே இருந்தா எப்படிங்க மொளைக்கும்? இந்த வெதை காஞ்சா செத்துப்போயிடும். பத்து நாளுதாங்க.”

“பத்து நாள்ல கமிட்டியே கூடாதும்மா” என்றார் இளவரசன். இதை அவர் வருத்தத்தோடுதான் சொன்னார்.

நாற்பத்து மூன்றையும் பழுக்கும் முன்பே பறித்து, உலர்த்தி, உறையிட்டு, முத்திரை வைத்து எடுத்துப் போனார்கள். அன்று சாயங்காலம் வெற்றிச்செல்வி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். டிப்பர் ஓட்டிவிட்டு வந்த அவள் கணவன் கலைச்செல்வன், “வா புள்ள, வூட்டுக்குப் போவலாம்” என்று கம்பியிலிருந்து அவள் கையை எடுத்துவிட்டான்.

அந்தக் கார்த்திகை வெள்ளத்தில் மரம் போனது. ஒரு பக்கம் வேர் இல்லாத மரம், சாயும்போது கரையையும் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. வேலி, பலகை, கூடப் பதினான்கு சென்ட் எல்லாம் போயின. அறுபதில் மிச்சம் முப்பத்தெட்டு.

தை மாதம் பெரம்பலூரில் ஒரு மண்டபத்தில் பாராட்டு விழா. வெற்றிச்செல்விக்கு ‘மரபணுக் காவலர்’ விருது என்று கார் அனுப்பி அழைத்திருந்தார்கள். அந்த விதையில் ஒன்றிரண்டாவது உயிரோடு இருந்தால் கேட்கலாம் என்று போனாள்.

இளவரசன் மேடையில் குரல் தழுதழுக்கப் பேசினார். “இரண்டரை ஆண்டுக்கு முன்னால் இந்த மரம் வெறும் அழிவின் விளிம்பில்தான் இருந்தது. இன்று இயற்கையில் அற்றுப்போனது என்ற உயர்ந்த நிலையை அடைந்திருக்கிறது. இத்தனை குறுகிய காலத்தில் இந்தச் சாதனையை எந்த மையமும் எட்டியதில்லை. அதனால்தான் நமது மையம் மண்டல மையமாகத் தரம் உயர்த்தப்பட்டு, அரியலூரிலும் கிளை திறக்கிறது.”

அக்கரை மரம் வெளிமாவட்டம், அவர் கணக்கில் வராது. பிறகு நினைவுப் பரிசு. சதுரமான கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கட்டி, அதன் நடுவில் ஒரு கரைக்கட்டி விதை. முளைப்புத்திறன் பூஜ்யம் என்று பரிசோதனையில் தெரிந்ததால், விதைகளை வீணாக்காமல் முக்கியப் பிரமுகர்களுக்கு வழங்க மையம் முடிவெடுத்திருந்தது. நாற்பத்து மூன்று விதை, நாற்பத்து மூன்று பிரமுகர்கள். கடைசிப் பிரமுகர் வெற்றிச்செல்வி.

வீட்டுக்கு வந்ததும் சுத்தியலை எடுத்தாள்.

“செத்த வெதைடி அது” என்றான் கலைச்செல்வன்.

“தெரியும்.”

நாலு அடியில் கட்டி உடைந்தது. விதையை எடுத்துப்போய், கரை முடிகிற இடத்தில் ஊன்றித் தண்ணீர் விட்டாள். நாற்பது நாள் தினமும் விட்டாள். மண் நன்றாக நனைந்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

நாற்பத்தோராம் நாள் தர்மராஜ் வந்தார். நினைவுப் பரிசுகள் மையத்தின் மரபணுச் சொத்து, பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்த்து எழுத வேண்டுமாம். வெற்றிச்செல்வி ஈர மண்ணைக் காட்டினாள். அவர் அதன் பக்கத்தில் குந்தி மண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

“ஒடைச்சீங்கன்னு எழுதுனா உங்க மேல கேஸு வரும்” என்றார். “ஏற்கெனவே என்னால நடந்தது போதும்ங்க.” அப்புறம் எழுதினார். “நடப்பட்டது: ஒன்று. உயிருடன் உள்ளது: ஒன்று.”

அவளைக் காப்பாற்றத்தான் எழுதினார். ஆனால் உயிருடன் ஒன்று இருப்பதாகக் கோப்பில் ஏறினால் மையம் சும்மா இருக்குமா? மறுவாரமே எட்டு சிமெண்ட் கால், முள்கம்பி, புதுப் பலகை எல்லாம் வந்து இறங்கின. ஈர மண்ணைச் சுற்றி மூன்று சென்ட் வேலிக்குள் போனது. இந்த முறை பலகையை அடிக்க மரம் இல்லாததால் தனியாக ஒரு கம்பம் நட்டார்கள்.

அந்த மாசிக் கடைசியில் சின்னப்பிள்ளை போன் செய்தாள். 

“செல்வி, இங்க வயல்ல ரெண்டு பேரு வந்து டேப்பு புடிச்சு அளக்குறானுவோ. அரியலூர்ல புதுசா ஆபீஸ் தொறந்திருக்காங்களாம். மரத்தப் பாத்துட்டு, இது என்னா மரம்னு கேக்குறான். என்னாடி சொல்ல?”

“புங்கமரம்னு சொல்லுக்கா.”

“அடியே, முழுக்கப் பூத்து நிக்குது. நம்புவானுங்களா?”

“பலகையில எழுதியிருந்தாத்தான் அவங்களுக்கு அடையாளம் தெரியும். புங்கமரம்னே சொல்லு.”

வந்தவர்கள் புங்கமரம் என்று எழுதிக்கொண்டு, அதன் நிழலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, டேப்பைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். இப்போது பதிவேட்டின்படி இந்தக் கரையில் ஒரு கரைக்கட்டி இருக்கிறது, அந்தக் கரையில் ஒன்றும் இல்லை.

ஜீப் போன பிறகு சின்னப்பிள்ளை மரத்தடிக்குப் போனாள். பூ உதிரத் தொடங்கியிருந்தது. பழக்க தோஷத்தில் நல்ல கொப்பாகப் பார்த்து ஒன்றை ஒடித்து, துணியை நனைத்து முனையில் சுற்றிவிட்டாள். சுற்றி முடித்த பிறகுதான், கட்டுவதற்கு அங்கே மரம் இல்லை என்பது ஞாபகம் வந்தது. கொப்பைக் கையில் வைத்துக்கொண்டு, வெற்றிச்செல்வி கரையில் தெரிந்த வெற்று வேலியைப் பார்த்தாள்.